பிச்சையல்ல, பாக்கி!

நெய்வேலிக்கு இரவு கிடையாது. ஏ ஷிப்டு முடிந்தால் பி ஷிப்டு. பி முடிந்தால் சி. சுரங்கத்தின் விளிம்பிலே நின்று பாருங்கள். கீழே, ஆழத்திலே, வரிசை வரிசையாக விளக்குகள். மண்ணை வாரி வாரி உருட்டும் பக்கெட் வீல் எந்திரம். ஓயாமல் ஓடும் கன்வேயர் பெல்ட். அதன்மீது போகும் பழுப்பு நிலக்கரி கொதிகலனுக்குள் விழுந்து, நெருப்பாகி, நீராவியாகி, மின்சாரமாகித் தமிழகத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் பாய்கிறது. வியர்வை சிந்துகிறவன் இங்கே. வெளிச்சம் பெறுகிறவன் எங்கேயோ! அதிலே நமக்குப் பெருமையும் உண்டு.

அந்த ஒளி வெள்ளத்துக்குச் சில கல் தொலைவிலே, கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் திரௌபதி அம்மன் கோயில் திடலிலே, கோடைக்கால இரவொன்றில் இன்னொரு வெளிச்சம் எரிகிறது. இரண்டு ஆள் பிடித்த திரை விலகுகிறது. கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு துரியோதனன் ஆடி வருகிறான். முகவீணை வீறிடுகிறது, மிருதங்கம் பதில் சொல்லுகிறது. கட்டியக்காரன் ஊர்த் தலைவரையே கேலி பேசுகிறான். ஊர் சிரிக்கிறது. தலைவரும் சிரித்தாக வேண்டியிருக்கிறது! விடியும்வரை கூத்து. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு, துரியோதனன் கூலி வேலைக்குப் போகிறான்.

இரண்டும் வெளிச்சந்தான் தோழர்களே! ஒன்றுக்கு அமைச்சகம் உண்டு, ஆண்டறிக்கை உண்டு, நாடாளுமன்றத்தில் கேள்வி உண்டு. மற்றொன்றுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் யார்? ஊற்ற வேண்டியவர் யார்? இதைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

கூத்துக்குச் சோறு போட்டது எது?

தெருக்கூத்து வடதமிழகத்தின் கலை. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வட்டாரங்களிலே மாசி பிறந்தால் தொடங்கி, ஆடி ஆவணி வரையில் ஜமாக்களுக்கு ஓய்வு இருக்காது. பகலிலே பாரதம் படிப்பார்கள். இரவிலே அதைக் கூத்தாக ஆடுவார்கள். இறுதி நாள் படுகளம், தீமிதி. ஒரு ஜமா என்றால் வேடக்காரர், பின்பாட்டுக்காரர், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் என்று பத்துப் பதினைந்து பேர். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்திலே செதுக்கியவை. கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டி, பெட்டியிலே பூட்டி, பிள்ளையைப் போலக் காப்பார் வாத்தியார்.

இவ்வளவு பேருக்கும் சோறு போட்டவர் எந்த அரசருமல்லர், எந்தச் சீமானுமல்லர். ஊர்! அறுவடை முடிந்த ஊர். வெற்றிலை பாக்கு வைத்து வாத்தியாரிடம் முன்பணம் கொடுப்பது ஊர். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பதும் ஊர். களத்திலே நெல் குவிந்தால் கூத்து நடக்கும். மழை பொய்த்தால் கூத்தும் பொய்க்கும். ஆகவே, நன்றாக நினைவிலே வையுங்கள்: கூத்தின் வேர் வயலிலே இருந்தது.

பழைய ஊர்முறை பொற்காலம் என்று பேச நாம் வரவில்லை. பறையடித்தவருக்குக் கூலியோடு இழிவையும் சேர்த்து அளந்த முறை அது. கூத்தாடியைக் கைதட்டி ரசித்து, காலையிலே திண்ணைக்குக் கீழே நிறுத்திய முறை அது. பெண் வேடம் உண்டு, பெண்ணுக்கு மேடை இல்லை என்ற முறை அது. அது மாற வேண்டியதுதான். ஆனால், இழிவை ஒழிப்பது வேறு. சோற்றை ஒழிப்பது வேறு. இழிவு முழுதாக ஒழிவதற்கு முன்பே சோறு ஒழிந்ததென்றால், அதைச் சீர்திருத்தம் என்று யார் சொல்வார்?

நிலத்தோடு போனது என்ன?

1930-களிலே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு மண் கலந்த நீர் பீறிட்ட கதையை நெய்வேலியிலே பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி கண்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளைந்த செம்மண் காடு, வட்டம் வட்டமாகப் பிரித்த நகரியம் ஆயிற்று. உழவனின் மகன் ஆபரேட்டர் ஆனான். பேரன் பொறியாளரானான். இந்த வளர்ச்சியை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். தொழில் வேண்டாம், ஏர்க்கலப்பையே போதும் என்று சொல்லும் கூட்டமல்ல நாம்.

ஆனால் கரி எங்கே இருந்தது? வயலுக்கு அடியிலே இருந்தது. கரியை எடுக்க வேண்டுமானால் மேலேயிருக்கும் மண்ணை எடுக்க வேண்டும். மண்ணை எடுக்க வேண்டுமானால் மண்மேல் இருக்கும் ஊரை எடுக்க வேண்டும். 2023 சூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெற்பயிருக்குள்ளே மண்வெட்டும் எந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியிலே நாடே பார்த்தது. உழவர் கொதித்தனர். இழப்பீடு எவ்வளவு, வேலை எத்தனை பேருக்கு என்று வாதங்கள் நடந்தன. நடக்க வேண்டியவைதாம். நிலத்துக்கு விலை, வீட்டுக்கு விலை, கிணற்றுக்கு விலை, தென்னைக்கு விலை, நின்ற பயிருக்கு விலை… எல்லாம் பட்டியலிலே வரும்.

அந்தப் பட்டியலிலே கூத்துக்களம் எந்த எண்ணில் வருகிறது?

கோயிலுக்கு மாற்றிடம் உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். குடி பெயர்ந்தவர்களுக்கு அமைக்கும் புதிய குடியிருப்பிலே சாலை, குடிநீர், பள்ளி, சுடுகாடு என்பவற்றோடு, வழிபாட்டிடமும், 50 குடும்பங்களுக்கு ஒன்று என ஊர் கூடுவதற்கு மரத்தடி மேடையும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நல்ல சட்டம்! மனிதன் உண்டு உறங்க மட்டும் வாழவில்லை, கூடிப் பேசவும் இடம் வேண்டும் என்று உணர்ந்த சட்டம். நிலமில்லாத உழவுத் தொழிலாளியையும் குத்தகைக்காரரையும் கைவினைஞரையும்கூடப் பாதிக்கப்பட்டோர் என்று அது ஏற்கிறது. ஆனால் அந்த மரத்தடி மேடையிலே ஆடுகிறவன் யார், அவன் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. மேடைக்குச் சட்டம் உண்டு. ஆடுகிறவன் பெயர் அதிலே இல்லை!

ஊர் நாலாபுறமும் சிதறினால் தலைக்கட்டு வரி யார் போடுவார்? வயல் போனால் அறுவடை எது? அறுவடை போனால் திருவிழா எது? திருவிழா போனால் ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு எது? இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். சுரங்க வேலை கிடைத்தவனுக்கும் கூத்து எட்டாக் கனியாகிவிட்டது. ஏ ஷிப்டுக்குப் போகிறவன் விடியும்வரை எப்படிக் கூத்துப் பார்ப்பான்? தொழிற்சாலைச் சங்கும் முகவீணையும் ஒரே இரவில் ஒலிக்க முடியவில்லை. சங்கு வென்றது.

கலைக்கு ஏன் அரசுப் பணம்?

"கலைஞனுக்கு மக்கள் ஆதரவு இருந்தால் போதாதா? அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஏழையின் வரிப்பணத்திலே கூத்து ஒரு கேடா?" என்று கேட்கும் அறிவாளிகள் இருக்கிறார்கள். கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வரலாற்றிடமே பதில் கேட்போம்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலே, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசராசன் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். ஆட்டத்தைப் பயிற்றுவோருக்குப் பங்கு, பாடுவோருக்குப் பங்கு, தையல்காரனுக்குப் பங்கு, கன்னானுக்குப் பங்கு! ஒருவர் இறந்தால் அவருக்கு அடுத்த உறவினர் அந்தக் காணியைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரைத் தேர்ந்து நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. வாரிசு வேலைக்காக மனுவெழுதி நடையாய் நடக்கும் நெய்வேலித் தோழனுக்கு இதன் அருமை புரியும். வாரிசு வேலையைக் கல்லிலே வெட்டியவன் அவன்!

மன்னன் தன் புகழுக்காகச் செய்தான்; உண்மை. பெண்களைக் கோயிலுக்குக் கட்டிப்போட்ட அந்த முறை நமக்கு உடன்பாடன்று. 1947-இல் சென்னை மாகாணத்திலே சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள், வாழ்த்துகிறோம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: ஒரு கலை நிலைக்க வேண்டுமானால் ஆடுகிறவன் முதல் துணி தைக்கிறவன் வரை அனைவருக்கும் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிய வேண்டும் என்ற கணக்கு, அன்றே தமிழனுக்குத் தெரிந்திருந்தது.

மன்னன் மட்டுமா? காமரசவல்லியிலே ஊர்ச் சபையார், திருவாதிரை நாட்களிலே சாக்கைக்கூத்து ஆடுவதற்காகக் கூத்தனுக்கு நிலம் ஒதுக்கினார்கள். சாக்கைக்காணி என்றே அதற்குப் பெயர். ஊராட்சி மன்றம் கலைக்கு நிதி ஒதுக்கிய செய்தி அது! இரண்டாம் இராசேந்திரன் காலத்திலே, தஞ்சையில் வைகாசித் திருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடியதற்காக ஒரு கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் விதித்தார்கள். அவன் பெயர் என்ன தெரியுமா? திருவாலன் திருமுதுகுன்றன் ஆன விசயராசேந்திர ஆசாரியன். திருமுதுகுன்றம் எந்த ஊர்? நமக்குப் பக்கத்திலே இருக்கும் விருத்தாசலத்தின் பழம்பெயர் அல்லவா! அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவன் தஞ்சை மேடையிலே நின்று நெல் வாங்கியிருக்கிறான். தலை சொறிந்து வாங்கவில்லை, கல்வெட்டிலே பெயர் பொறித்து வாங்கியிருக்கிறான்.

ஆகவே, அரசுப் பணம் கலைக்குப் புதிதல்ல. காணியாக இருந்தது மானியமாயிற்று. மானியம் போய் மனுவாயிற்று. மனு போட்டவன் வாசலிலே நிற்கிறான். இதுதான் ஆயிரமாண்டுக் கதையின் சுருக்கம்.

கொடுத்ததை மறைக்க மாட்டோம்

விடுதலைக்குப் பிறகு அரசுகள் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தன. இருப்பதை இல்லையென்று சொல்வது நம் வழக்கமல்ல. 1953 சனவரி 28-இல் டெல்லியிலே சங்கீத நாடக அகாடமியைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். 1955-இல் சென்னை மாநிலத்துக்கு ஒரு சங்கீத நாடக சங்கம் அமைந்தது. அதுவே பின்னர் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் எனத் தமிழ்ப் பெயர் பெற்றது. கலைமாமணி விருது அதன் கையிலிருந்து வருகிறது. 1986-இல் தஞ்சையிலே தென்னகப் பண்பாட்டு மையம் பிறந்தது. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கேற்பக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருதளிக்கின்றன. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. பிள்ளையின் படிப்புக்கும், திருமணத்துக்கும், சாவுக்கும் உதவித்தொகை வந்தது. அதே 2007-இல் சென்னை சங்கமம் நடந்தது. 2023-இல் அது மீண்டும் எழுந்தது. கடற்கரைப் பூங்காவிலே பறை முழங்கியது. காரிலே வந்தவர்கள் இறங்கி நின்று கேட்டார்கள்.

இவை அனைத்தும் நல்லவை. போதுமா என்று கேட்டால், போதா. ஏன் போதா?

முதலாவது, விழா வேறு, வாழ்வு வேறு. விழா நாலு நாள். வயிறு 365 நாள். விடியும்வரை ஆடும் கூத்தை அரைமணி நேரத்துக்கு நறுக்கி மேடையேற்றினால், பார்க்கிறவனுக்குக் கூத்தின் சட்டை தெரியும், கூத்து தெரியாது.

இரண்டாவது, விண்ணப்பம். மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களுக்குப் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். இணையதளத்திலே ஏற்ற வேண்டும். பாரதம் பதினெட்டு நாளும் மனப்பாடமாக ஒப்பிக்கும் வாத்தியாருக்கு, தணிக்கையாளர் முத்திரை ஒப்பிக்கத் தெரியாது. கலை தெரிந்தவன் வெளியே. படிவம் தெரிந்தவன் உள்ளே!

மூன்றாவது, வெளிச்சத்துக்கே வெளிச்சம். கலைமாமணிப் பட்டியலிலே திரைப்பட நட்சத்திரங்கள் பலர் இடம்பெற்றனர். அவர்கள் கலைஞர்கள் அல்லர் என்று சொல்லமாட்டோம். ஆனால் நிலவுக்கு அகல் விளக்கு ஏற்றிக் காட்ட வேண்டிய தேவை என்ன? இருண்ட குடிசைக்கல்லவா அது வேண்டும்!

நல வாரியத்தின் அருமை 2020-இல் தெரிந்தது. கூத்துப் பருவம் உச்சத்துக்கு வரும் வேளையிலே, மார்ச்சிலே, ஊரடங்கு வந்தது. கோயில் பூட்டப்பட்டது, திருவிழா நின்றது, ஜமா வீட்டிலே முடங்கியது. வாரியத்திலே பெயர் பதிந்த தொழிலாளருக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. ஒரு அட்டை! அந்த அட்டை இருந்தவன் வீட்டிலே சில நாளாவது உலை கொதித்தது. அட்டையின் அருமை, தொழிற்சங்க அட்டை வைத்திருக்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கையில் மாலை, மறு கையில் விலங்கு

அரசுப் பணம் என்றதும் இன்னொரு அச்சம் எழும்; எழ வேண்டும். கொடுக்கிற கை குரல்வளையையும் பிடிக்காதா?

பிடித்திருக்கிறது. 1955-இலே சங்கீத நாடக சங்கம் வந்தது என்றோம். அதற்கு முந்திய ஆண்டிலே, 1954-இல், என்ன வந்தது? சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம்! எம்.ஆர். இராதாவின் நாடகங்களைக் கண்டு ஆளவந்தார்கள் கலங்கிய காலம் அது. ஒரே ஆட்சி, ஒரு கையிலே நாடகக்காரனுக்கு மாலை, மறு கையிலே விலங்கு! நாடகத்தை எழுதிக் காவல்துறையிடம் நீட்டி, அனுமதி வாங்கி ஆட வேண்டிய நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-இலே சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கிய விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். 1935-இல் அமெரிக்காவில், பெரும் வேலையின்மைக் காலத்திலே, அரசே ஆயிரக்கணக்கான நாடகத் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுத்து நாடகம் போடச் செய்தது. அருமையான திட்டம்! ஆனால் 1937 சூனில், உருக்காலைத் தொழிலாளர் சங்கம் அமைப்பதைப் பற்றிய இசை நாடகம் ஒன்று நியூயார்க்கில் அரங்கேறவிருந்தபோது, அரங்கத்தின் கதவு பூட்டப்பட்டது. நாடகக்காரர்கள் என்ன செய்தார்கள்? கூடியிருந்த மக்களைத் தெருவழியே அழைத்துக்கொண்டு வேறோர் அரங்குக்கு நடந்தார்கள். மேடையிலே நடிக்க நடிகர்களுக்கு அனுமதி இல்லை. இசையமைத்த மார்க் பிளிட்சுடீன் மட்டும் மேடையிலே பியானோ முன் அமர்ந்தார். நடிகர்கள் பார்வையாளர் நடுவே தங்கள் இருக்கையிலிருந்தே எழுந்து பாடினார்கள்! இரண்டே ஆண்டில், 1939-இல், நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்குப் பணத்தையே நிறுத்தியது.

ஆகவே பணமே வேண்டாம் என்பதா? மழை பெய்தால் சில வேளை வெள்ளம் வருமென்று மழையே வேண்டாம் என்பானா உழவன்? கரையைக் கட்டுவான். இங்கிலாந்திலே பொருளியல் அறிஞர் கெயின்ஸ் முன்னின்று உருவாக்கிய கலை மன்றம் 1946-இல் அமைந்தபோது அப்படியொரு கரை கட்டினார்கள். பணம் அரசாங்கத்துடையது, யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்வது மன்றம், அமைச்சர் ஒரு கை நீளம் விலகி நிற்க வேண்டும். அங்கும் குறைகள் உண்டு, பூசல் உண்டு. ஆனால் முறை நல்ல முறை. கட்டியக்காரன் அமைச்சரைக் கேலி செய்தாலும் அடுத்த ஆண்டு அவனுக்கு நிதி வர வேண்டும். அந்த ஆட்சிதான் கலையை ஆதரிக்கும் ஆட்சி.

நெய்வேலியிலே முடியுமா?

முடியும். முடிந்திருக்கிறது. 1998 முதல் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியை நடத்தி வந்தது இந்த நிறுவனமே. லிக்னைட் ஹால் வளாகத்திலே கடை கடையாகப் புத்தகம். ஷிப்டு முடித்த தொழிலாளி குடும்பத்தோடு வந்து நூல் வாங்கினான். எழுத்தாளர்களுக்குச் சிறப்புச் செய்தார்கள். கரி தோண்டும் ஊர் கதை படிக்கும் ஊராயிற்று. சுரங்க நிறுவனத்துக்கும் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை. மனமிருந்தது, மார்க்கம் கிடைத்தது. நெய்வேலி என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூடி இசையரங்குகளில் பாடும் சந்தானகோபாலன் போன்றோரால் அந்தப் பெயர் கடல் தாண்டியும் ஒலிக்கிறது. அந்த வரிசையிலே கூத்து வாத்தியார் பெயரும் ஒலிக்க வேண்டும் என்கிறோம், வேறொன்றுமில்லை.

சட்டமும் துணை நிற்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனம் ஒவ்வொன்றும், முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி? ஏழாம் அட்டவணையிலே கல்வி, மருத்துவம் என்பவற்றோடு, மரபுக் கலைகளையும் கைவினைகளையும் வளர்ப்பதும் வெளிப்படையாக இருக்கிறது. எந்த ஊரிலே? நிறுவனம் இயங்குகிற இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முதலிடம் தர வேண்டும் என்றே எழுதியிருக்கிறது.

கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்தின் சராசரி இலாபம் 1,000 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 2 என்றால் 20 கோடி. அந்த 20 கோடியிலே நூற்றில் ஒரே ஒரு பங்கு கலைக்கு என்றால் 20 இலட்சம். வேடக்காரர் கூலி, வண்டி வாடகை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 40,000 என்று வைத்தாலும், 50 இரவுகள்! சுரங்கத்தைச் சுற்றிய ஊர்களிலே ஆண்டுக்கு 50 இரவு, விடியும்வரை, நறுக்காத கூத்து. மருத்துவமனைக்கு வைத்த பணத்தைத் தொட வேண்டாம். பள்ளிக்கு வைத்ததைத் தொட வேண்டாம். நூற்றில் ஒன்று போதும்.

இன்னொன்று. ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளை அப்ரண்டிசாகச் சேர்ந்தால் மாத உதவித்தொகை உண்டு. 1961-ஆம் ஆண்டின் சட்டம் அது. எந்திரம் பழகுகிறவனுக்கு உதவித்தொகை என்றால், அடவு பழகுகிறவனுக்கு ஏன் இல்லை? ஒரு ஜமாவுக்கு இரண்டு பிள்ளைகள், அதிலே ஒன்று பெண்பிள்ளை; மாதா மாதம் பயிற்சித் தொகை. பத்தாண்டிலே அந்த வட்டாரத்தில் கூத்து நிமிரும். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையைப் பாருங்கள். 2003-இல் மறைந்த கண்ணப்ப தம்பிரானின் பரம்பரை அங்கே கூத்தைப் பயிற்றுவிக்கிறது. கடல் கடந்தும் போய் ஆடியிருக்கிறது. அவர் நினைவாக ஊரிலேயே விழா எடுக்கிறது. ஒரு குடும்பத்தின் பிடிவாதம் இவ்வளவு செய்யுமானால், ஒரு பொதுத்துறையின் ஆதரவு எவ்வளவு செய்யும்!

ஆகவே கேட்கிறோம். நிலம் எடுக்குமுன் நடத்தும் சமூகத் தாக்க மதிப்பீட்டிலே, அந்த ஊரின் கூத்து ஜமாவும் பறைக் குழுவும் பம்பைக் குழுவும் பெயரோடு எழுதப்பட வேண்டும். சமுதாயப் பணி நிதியிலே மரபுக் கலைக்கு நிலையான பங்கு வேண்டும். அதைப் பிரிக்கும் குழுவிலே அதிகாரி மட்டுமல்ல, கலைஞரும், தொழிற்சங்கமும், சுற்றுப்புற ஊராட்சியும் அமர வேண்டும். விண்ணப்பம் தமிழிலே, ஒரே தாளிலே இருக்க வேண்டும். எதை ஆடுவது, யாரைக் கேலி செய்வது என்பது கட்டியக்காரன் உரிமை. அதிலே எவரும் கை வைக்கலாகாது.

போனசை நினையுங்கள்

இதையெல்லாம் கேட்க நமக்கென்ன உரிமை என்று தயங்கும் தோழர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு ஒன்று சொல்வோம்.

போனஸ் என்றால் ஒரு காலத்திலே என்ன பொருள்? முதலாளியின் மனம் குளிர்ந்தால் பண்டிகைக்குக் கொடுக்கும் இனாம். கும்பிட்டு வாங்க வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்கக்கூடாது. நம் முன்னோர் கேட்டார்கள். "இது இனாமல்ல, எங்கள் உழைப்பிலே நீ நிறுத்தி வைத்த பங்கு" என்றார்கள். கதவடைப்பைக் கண்டார்கள், சிறையைக் கண்டார்கள். 1965-இலே அது சட்டமாயிற்று. முதலில் நூற்றுக்கு 4 குறையாமல், பின்னர் 8.33 குறையாமல். அன்று முதல் போனசை எவனும் கும்பிட்டு வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினான்.

கூத்துக்காரனின் பங்கும் அதுதான். அவன் களத்துக்கு அடியிலே கரி இருந்தது. அந்தக் கரி எரிந்துதான் எங்கெங்கோ நகரங்களில் விளக்கு எரிகிறது. அந்த விளக்கின் கீழே குளிர்ந்த அரங்குகளில் கலை விழாக்கள் நடக்கின்றன. நிலத்துக்கு விலை வந்திருக்கலாம். வீட்டுக்கு விலை வந்திருக்கலாம். கலைக்கு வரவேண்டியது இன்னும் கணக்கிலே ஏறவில்லை. ஏறாத கணக்குக்குத் தொழிலாளி வைத்திருக்கும் பெயர் என்ன? பாக்கி!

தோழனே, உன் பாட்டன் திடலிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை கூத்துப் பார்த்தவன். உன் சங்கக் கூட்டத்திலே ஊதியம், போனஸ், ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் என்ற கோரிக்கைகளுக்குக் கீழே, இன்னும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல். உன் ஊர்ப் பக்கம் இருக்கும் வாத்தியாருக்கு நல வாரிய அட்டை இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேள். இல்லையென்றால் படிவத்தை நீயே நிரப்பிக் கொடு. சங்கம் பதியத் தெரிந்த கைக்கு, ஒரு ஜமாவைப் பதிவது பெரிய வேலையா?

சி ஷிப்டு முடிந்து நீ சைக்கிளிலே வரும் வழியில், எங்கோ ஒரு திடலிலே முகவீணை கேட்க வேண்டும். கேட்கும்படிச் செய்வது அரசின் கடமை. கேட்டு வாங்குவது நம் கடமை.